சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்: இராமநாதபுரம் கடற்கரையில் மண், நிலத்தடி நீர் மாசை ஆராயும் வழி

இராமநாதபுரம் கடற்கரையின் மணல்மேடுகளில் பெண்கள் ஊற்று தோண்டி, இடுப்பளவு குழிக்குள் இறங்கி, சிரட்டையால் நல்ல தண்ணீரை அள்ளிக் குடத்தில் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். அவர்கள் வாளியைப் பயன்படுத்துவதில்லை. அவசரமாக அள்ளுவதும் இல்லை. மேலே இரண்டு விரற்கடை நீர் ஊறும்வரை காத்திருந்து, அதை மட்டும் எடுக்கிறார்கள். கலக்கி அள்ளினால் கீழே இருக்கும் உவர் மேலே வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மாசடைந்த நிலத்தைச் சுத்தம் செய்ய முன்வரும் பொறியாளரும் இதே அறிவோடுதான் அந்த மணலில் கால் வைக்க வேண்டும். எந்த முறையால் சுத்தம் செய்வது என்ற கேள்வியை முதலில் எழுப்பி, அதற்கு ஏற்றபடி மாதிரிகளை எடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றிவைக்கிறது. நீர் எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, மாசு அதில் எந்த வடிவில் இருக்கிறது என்பவற்றை அறிந்த பிறகே முறையைப் பற்றிப் பேச வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இந்தக் கரையில் பல ஊர்களுக்குப் பொருந்தக்கூடிய ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளிப் படகுகளுக்கு டீசல் நிரப்பும் இடம், அதன் பக்கத்தில் பழைய பேரல்கள் அடுக்கப்பட்ட கொட்டகை, சற்றுத் தொலைவில் கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குளங்கள், நடுவில் குடியிருப்பு, உறைகிணறுகள், கழிவறைத் தொட்டிகள், கடலோரமாக ஊற்றுகள். இவற்றில் எது எதைக் கெடுக்கிறது என்பதே கேள்வி.

நல்ல தண்ணீர் மிதக்கும் நிலம்

மழைநீர் மணலில் இறங்கி, கடல்நீரைவிட எடை குறைந்ததாக இருப்பதால், அதன் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 என்றும் கொண்டால், கடல் மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, கோட்பாட்டளவில் அதைப் போல 40 மடங்கு ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைக் கெய்பன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி என்பர். நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே 4 மீட்டருக்கு நன்னீர் உண்டு. மோட்டார் போட்டு அந்த மட்டத்தை 5 சென்டிமீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 2 மீட்டர் மேலே ஏறிவிடும். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையில் கூர்மையான கோடு கிடையாது, கலங்கிய ஒரு பட்டைதான் உண்டு என்பதால், நடைமுறையில் கெடுதல் கணக்கு காட்டுவதைவிட முன்னதாகவே தொடங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்திருந்தும் நான் ஒருமுறை தவறு செய்தேன். மாதிரி எடுக்கும் முன் கிணற்றின் பழைய நீரை வெளியேற்ற வேண்டும் என்ற பொதுவிதியை அப்படியே பின்பற்றி, ஒரு குடியிருப்பின் உறைகிணற்றில் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். நீரின் உப்புக்கு ஏற்ப உயரும் மின்கடத்துத்திறன் தொடங்கும்போது 900 மைக்ரோசீமென்ஸ் காட்டியது, முடிவில் 4,000-ஐத் தாண்டியது. நான் எடுத்த மாதிரி அந்த மக்கள் குடிக்கும் நீரின் மாதிரியாக இல்லை. அதைவிட மோசம், அடுத்த பல நாட்களுக்கு அந்தக் கிணறு அவர்களுக்கும் பயன்படவில்லை. ஆய்வே கேடு செய்ய முடியும் என்பதை அன்று கற்றேன்.

முதல் படி: ஆவணங்களும் ஊர்ப்பேச்சும்

துளைக்கருவியை வண்டியில் ஏற்றும் முன், அந்த இடத்தின் 30, 40 ஆண்டு வரலாற்றைத் திரட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தின் நில ஆவணங்கள், பழைய செயற்கைக்கோள் படங்கள், எரிபொருள் சேமிப்பு உரிமங்கள், பண்ணைக் குளங்கள் வெட்டப்பட்ட ஆண்டு, தொட்டி எப்போது புதைக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பன முதலில் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வள அமைப்புகளும் கண்காணிக்கும் கிணறுகளின் நீர்மட்டப் பதிவுகளும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆழ்துளைப் பதிவுகளும் அருகில் கிடைத்தால் அவை பெருஞ்செல்வம். அந்தப் பகுதியில் எந்த ஆழத்தில் மணல் முடிந்து களியோ சுண்ணாம்புப் பாறையோ வருகிறது என்பதை அவை சொல்லிவிடும். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் பவளமும் சிப்பியும் இறுகிய பாறை ஆழமில்லாமலே வந்துவிடுகிறது. வைகையின் கழிமுகத்தில் உள்ள ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வண்டலும் களியும் மாறிமாறி வருகின்றன. ஓரிடத்தில் பலித்த முறை இன்னோரிடத்தில் பலிக்காமல் போவதற்கு இதுவே பாதிக் காரணம்.

சட்டத்தின் பக்கத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கடல் ஏற்றம் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவதால், துளையிடுவதற்கும் நீர் இறைப்பதற்கும் அனுமதி தேவையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கு எதிர்க்கரையில் வேலை செய்தால் வனத்துறைக்கும் செய்தி போயிருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ், மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென்றே மத்திய அரசு 2025-இல் தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. முதல்நிலை மதிப்பீடு, விரிவான மதிப்பீடு என்று ஆய்வை அவை படிப்படியாக வகுக்கின்றன. ஆய்வறிக்கையை அந்த வரிசைக்குப் பொருந்தும்படி தொடக்கத்திலிருந்தே அமைத்துக்கொண்டால் பின்னால் இரட்டை வேலை இருக்காது.

ஆனால் ஆவணங்களைவிட நான் அதிகம் நம்புவது தண்ணீர் எடுப்பவர்களின் நாக்கையும் மூக்கையும்தான். கீழக்கரைக்கு மேற்கே ஓர் ஊரில், ஊற்றுக்கு வந்த ஒரு மூதாட்டியிடம், "எப்போதிலிருந்து வாடை வருகிறது, ஆத்தா?" என்று கேட்டேன். "மழை பேஞ்சு ரெண்டு மாசம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. மாசி பங்குனியில தண்ணி கீழ போகும்ல, அப்பத்தான் மண்ணெண்ணெ வாடை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி ஆய்வு அடங்கியிருந்தது. நீர்மட்டம் உயரும்போது எண்ணெய் மணல்துகள்களுக்கிடையில் நீரால் சூழப்பட்டுச் சிக்கிக்கொள்கிறது; மட்டம் தாழும்போது விடுபட்டு வடிந்து, கிணற்றிலும் ஊற்றிலும் மேலே மிதக்கிறது. ஆகவே அங்கே கரைந்த மாசு மட்டுமல்ல, தனியாக மிதக்கும் எண்ணெயும் இருக்கிறது என்றும், அது நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டை முழுவதும் பூசப்பட்டிருக்கும் என்றும், மழைக்குப் பிந்தைய ஒரே ஒரு மாதிரியை நம்பி "மாசு இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகும் என்றும் துளையிடும் முன்பே ஊகிக்க முடிந்தது.

இரண்டாம் படி: இடத்தின் சித்திரம்

திரட்டியவற்றை வைத்து ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைய வேண்டும். மாசு எங்கிருந்து புறப்படுகிறது, எந்த வழியாகச் செல்கிறது, யாரைச் சென்றடைகிறது என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். டீசல் தொட்டி, மணல் வழியாக நிலத்தடி நீர், ஊற்று, குடம் என்பது ஒரு வழி. அதே நிலத்தடி நீர் கரைக்கு அப்பால் கடலடியில் கசிந்து கடற்புல் திட்டுகளையும், இடுப்பளவு நீரில் பாசி எடுக்கும் பெண்களையும் அடைவது இன்னொரு வழி. எண்ணெயின் ஆவி வீட்டுத் தரைக்குக் கீழே ஏறுவது மூன்றாவது. கடற்கரைக்கு வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் பெரும்பாலும் கடலை ஓர் எல்லைக்கோடாக வரைந்து நிறுத்திவிடுகிறார்கள். நிலத்தடி நீர் அந்தக் கோட்டில் நிற்பதில்லை என்பதால் படத்தைக் கடலுக்குள்ளும் நீட்டி வரைய வேண்டும்.

இந்தச் சித்திரத்தில் தெரியாதவற்றைக் கேள்விக்குறியிட்டுக் காட்டுங்கள். இனி இடப்போகும் ஒவ்வொரு துளையும் அவற்றில் ஏதேனும் ஒரு கேள்விக்கு விடை தருவதாக இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்காக என்று சொல்ல முடியாத துளைக்குச் செலவிட வேண்டாம்.

மூன்றாம் படி: மண்ணைத் துளைத்தல்

தளர்ந்த மணலில், கையால் திருகித் துளையிடும் கைபோர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீர்மட்டத்தைத் தொட்டவுடன் துளை சரிந்துவிடும். அதற்கு மேலும் செல்ல உறைக்குழாய் இறக்கியபடியே துளையிட வேண்டும். துளையிடும் முன் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று விசாரித்து, முதல் ஒரு மீட்டரைக் கையாலேயே தோண்டுவது பாதுகாப்பு. எரிபொருள் இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட்டு, தீப்பொறி எதுவும் கூடாது.

முதல் சுற்றில் எட்டு முதல் பன்னிரண்டு துளைகள் போதும். மூலத்துக்கு அருகில் நெருக்கமாகவும், நீர் போகும் திசையில் இடைவெளி விட்டும், நீர் வரும் திசையில் ஒன்றிரண்டாகவும் அவற்றை அமைக்கலாம். ஒவ்வொரு அரை மீட்டருக்கும், மண்ணின் நிறமோ துகளளவோ மாறும் இடத்திலும், முக்கியமாக நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள ஈரப் பட்டையிலும் மண் எடுக்க வேண்டும். எண்ணெய் பூசியிருக்கும் இடம் அந்தப் பட்டைதான். எடுத்த மண்ணில் ஒரு பகுதியைப் பையில் பாதியளவு போட்டுக் கட்டி, நிழலில் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஆவியை அளக்கும் கைக்கருவியின் முனையைச் செருகிப் படிக்க வேண்டும். வெயிலில் வைத்த பையும் நிழலில் வைத்த பையும் ஒரே மண்ணுக்கு இரு வேறு எண்களைக் காட்டும். கடற்காற்றின் ஈரப்பதம் இந்தக் கருவியின் அளவைக் குறைத்துக் காட்டும். எனவே இந்த எண்களைத் துளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்தி, ஆய்வகத்துக்கு எந்த மாதிரியை அனுப்புவது என்பதை அவற்றால் முடிவு செய்யலாம்.

எளிதில் ஆவியாகும் பென்சீன் போன்றவற்றுக்காக எடுக்கும் மண்ணைக் கலக்கவோ, பல துளைகளின் மண்ணை ஒன்றுசேர்க்கவோ கூடாது. கலக்கும்போதே பாதி காற்றில் போய்விடும். உலோகங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அங்கே வேறொரு பொறி உண்டு. இந்தக் கரையின் சில இடங்களில் இல்மனைட்டும் கார்னெட்டும் செறிந்த கரிய மணல் இயற்கையாகவே படிகிறது. அதில் சில உலோகங்களின் அளவு உயர்ந்திருப்பது யாருடைய குற்றமும் அன்று. மாசு எட்டியிருக்க வாய்ப்பில்லாத இடத்தில், அதே வகை மணலில், குறைந்தது நான்கைந்து பின்னணி மாதிரிகள் இல்லாமல் உலோக மாசு பற்றி எழுதக் கூடாது.

அழுகிய முட்டை வாடையை வைத்தும் முடிவுக்கு வர வேண்டாம். கரையொதுங்கிய பாசி மணலுக்குள் மக்கும்போதும், அலையாத்திச் சேற்றிலும் அதே வாடைதான் வரும்.

நான்காம் படி: கண்காணிப்புக் கிணறுகள்

ஊர்க்கிணறுகளில் மட்டும் மாதிரி எடுத்து ஆய்வை முடிப்பதை ஏற்க முடியாது. அவை எந்த ஆழத்து நீரைத் தருகின்றன என்று நமக்குத் தெரியாது. தனிக் கண்காணிப்புக் கிணறு என்பது 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், அடியில் வெட்டுக்கோடுகளிட்ட ஃபில்டர் பகுதி, அதைச் சுற்றிச் சலித்த பருமணல், அதற்கு மேல் அரை மீட்டருக்குக் குறையாத களிமண் அடைப்பு, அதன் மேல் சிமெண்டு. வழக்கமாக அடைப்புக்குப் பென்டோனைட் களியைப் பயன்படுத்துவார்கள். உப்பு நீரில் அது சரியாக ஊறிப் பெருக்காது என்பதால், இந்தக் கரையில் நல்ல தண்ணீரில் முன்கூட்டியே ஊறவைத்துக் குழம்பாக்கி இறக்க வேண்டும்.

ஃபில்டர் பகுதியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க வேண்டிய கிணற்றில் அது நீர்மட்டத்தின் இரு பக்கமும் நீண்டிருக்க வேண்டும். கார்த்திகை மட்டத்துக்கு மேலிருந்து வைகாசி மட்டத்துக்குக் கீழ்வரை. அதன் அருகிலேயே, தனித் துளையில், நன்னீர் வில்லையின் அடிப்பகுதியில் ஒரு மீட்டர் அளவே ஃபில்டர் கொண்ட இரண்டாவது கிணறு வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே நீண்ட ஃபில்டர் வைத்தால் உவரும் நன்னீரும் குழாய்க்குள்ளேயே கலந்து, இயற்கையில் எங்குமே இல்லாத ஒரு நீரை நமக்குக் காட்டும். அதோடு, கீழுள்ள உவர் மேலேறுவதற்கு நாமே ஒரு வழியும் திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

கிணறுகள் குறைந்தது மூன்று, முக்கோணமாக. ஒரே நேர்கோட்டில் மூன்று கிணறு போட்டால் நீரோட்டத்தின் திசை தெரியாது. ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் ஓர் அடையாளம் வெட்டி, அதன் உயரத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்துக்குள் அளக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஓட்டத்தின் திசையும் வேகமும்

உள்நாட்டில் ஒரு நாள் நீர்மட்டம் அளந்து சமமட்டக் கோடு வரைந்துவிடலாம். கடலோரத்தில் அது ஏமாற்றும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள் இருக்கும் கிணற்று மட்டம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஓத இறக்கத்தில் அளந்தால் நீர் கடலை நோக்கிப் போவது போலவும், ஏற்றத்தில் அளந்தால் ஊரை நோக்கி வருவது போலவும் தோன்றும். தொடர்ந்து மூன்று நாட்கள், மணிக்கு ஒருமுறை அளந்து, ஓதத்தின் தாக்கத்தை நீக்கிய சராசரியைக் கொண்டே திசையைச் சொல்ல வேண்டும். தானியங்கி அழுத்தக் கருவி இருந்தால் எளிது. இல்லையென்றால் அளவு நாடாவும் முறைவைத்து விழித்திருக்கும் மூன்று பேரும் போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிகும் என்பதால் எந்த நாட்களில் அளந்தோம் என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது திருத்தம் அடர்த்திக்கானது. ஒரு கிணற்றுக்குள் 10 மீட்டர் உயரத்துக்குக் கடல்நீரின் உப்போடு நீர் நின்றால், அது 10.25 மீட்டர் நன்னீருக்குச் சமமான அழுத்தம் உடையது. 25 சென்டிமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இந்த மணல்மேடுகளில் இடத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள நீர்மட்ட வேறுபாடே அவ்வளவு இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு கிணற்றிலும் ஆழத்துக்கு ஆழம் மின்கடத்துத்திறனை அளந்து, மட்டங்களை நன்னீர் அளவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வேகத்தைக் கணக்கிட மணலின் நீர்கடத்தும் திறன் தேவை. கிணற்றில் ஒரு திண்மக் கட்டையை இறக்கி, நீர்மட்டம் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை அளக்கும் சோதனை இங்கே மிகப் பொருத்தம். நீரை இறைக்க வேண்டியதில்லை, உவரும் ஏறாது. அந்தத் திறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.002, நீர் ஓடக்கூடிய துளைவெளி 0.25 என்று வைத்தால், நீர் நாளுக்கு 0.08 மீட்டர், ஆண்டுக்குச் சுமார் 29 மீட்டர் நகரும். தொட்டிக்கும் ஊற்றுக்கும் இடையில் 150 மீட்டர் என்றால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். நீர்கடத்தும் திறன் 20 ஆக இருந்தால் இரண்டரை ஆண்டுகளிலேயே சேர்ந்துவிடும். 5 என்றால் பத்து ஆண்டுகள். இந்த வீச்சை மறைக்காமல் அறிக்கையில் எழுத வேண்டும். ஊராருக்கு மாற்றுக் குடிநீர் இன்றே வேண்டுமா, அடுத்த ஆண்டு போதுமா என்பது இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

ஆறாம் படி: நீர் மாதிரி

புதிய கிணற்றைக் கழுவித் தெளியவைத்து, ஒரு வாரமேனும் ஆறவிட்ட பிறகு மாதிரி எடுக்கலாம். முதலில் எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையைக் காட்டும் நாடாவை இறக்கிப் பார்க்க வேண்டும். கிணற்றில் தெரியும் எண்ணெயின் தடிமன் வெளியே மணலில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் கண்டவுடன் அதை இடத்தின் பரப்போடு பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் எண்ணெய் என்று எழுதிவிடக் கூடாது.

நீரை மெதுவாக, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டும் எடுக்கும் பம்பால் இழுக்க வேண்டும். பி.எச்., மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவை அடுத்தடுத்த மூன்று அளவுகளில் ஏறக்குறைய மாறாமல் நின்ற பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். மின்கடத்துத்திறன் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் நாம் உவரை இழுக்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும்.

ஆவியாகும் பொருள்களுக்கான 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பாருங்கள். குமிழி மேலேறினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கரைந்த உலோகங்களுக்கான நீரைக் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். டீசல் ஜெனரேட்டரைக் காற்று வரும் பக்கத்தில் வைத்துவிட்டு மாதிரி எடுத்தால் நாம் அளப்பது நம் ஜெனரேட்டரைத்தான். மாதிரிகளைக் குளிர்விக்க மீன்பிடி துறைமுகத்தின் ஐஸ் எளிதில் கிடைக்கும். உடைத்த ஐஸை இரண்டு மடிப்புப் பாலித்தீன் பையில் கட்டித்தான் பெட்டியில் போட வேண்டும். உருகிய நீர் குப்பியின் மூடியைத் தொடக் கூடாது. நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள்ளும், ஆறு இணைதிறன் குரோமியத்தை, தனியாக நிலைப்படுத்தாவிட்டால், 24 மணி நேரத்துக்குள்ளும் ஆய்ந்துவிட வேண்டும் என்பதால், மதுரைக்கா சென்னைக்கா, இரவு வண்டியா ரயிலா என்பதை மாதிரி எடுக்கும் நாளுக்கு முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும்.

ஆய்வின் பிழையையும் வழியில் ஒட்டிய மாசையும் கண்டுபிடிக்க, பத்து மாதிரிக்கு ஒன்று என இரட்டை மாதிரியும், களத்தில் திறக்காமலே போய்த் திரும்பும் தூய நீர்க் குப்பியும், கருவியைக் கழுவிய நீரும் சேர்ந்து போக வேண்டும். மழைக்கு முன் ஆவணி, புரட்டாசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்தில் ஒன்று, நீர் கீழிறங்கும் பங்குனியில் ஒன்று என மூன்று சுற்றாவது இல்லாமல் இந்தக் கரையின் நீரை அறிந்ததாகச் சொல்ல முடியாது.

ஏழாம் படி: ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்பது தொடக்கத் தகுதி மட்டுமே. உப்பு மிகுந்த நீர் ஆய்வுக் கருவிகளையே குழப்பும். அயனிகளை நிறையால் பிரித்தறியும் பிளாஸ்மா நிறை நிறமாலைக் கருவியில் ஆர்கானும் குளோரினும் இணைந்து உருவாகும் அயனியின் நிறை 75; ஆர்செனிக்கின் நிறையும் 75. திருத்தம் செய்யாத ஆய்வகம் உப்பு நீரில் இல்லாத ஆர்செனிக்கைக் கண்டுபிடித்துத் தரும். குடிநீரில் ஆர்செனிக்கின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்றிருக்கும்போது இந்தப் பிழை ஓர் ஊரையே அச்சத்தில் ஆழ்த்திவிடும். நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் இரசாயன ஆக்சிஜன் தேவைக்கான வழக்கமான சோதனையும் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் நம்பகமற்றது. நீரை நீர்க்கச்செய்து அளந்தார்களா, அதனால் கண்டறியும் எல்லை எவ்வளவு உயர்ந்தது என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த எல்லை எண் இல்லாவிட்டால் அந்த வரிக்குப் பொருளில்லை.

எட்டாம் படி: உப்பு யாருடையது

இந்தக் கரையில் எல்லாத் தகராறும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். கிணறு உவர்த்துப்போனதற்கு இறால் குளம் காரணமா, உப்பளமா, அளவுக்கு மீறி இறைத்த போரா, அல்லது நிலத்தின் பழைய உவரா? மொத்த உப்பை மட்டும் அளந்தால் விடை கிடைக்காது. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராமும், புரோமைடு ஏறக்குறைய 67 மில்லிகிராமும் இருப்பதால், அவற்றின் விகிதம் 290-ஐ ஒட்டியிருக்கும். கழிவறைத் தொட்டியின் உப்பில் புரோமைடு குறைவு. ஆகவே விகிதம் அதைவிட மிக உயரும், நைட்ரேட்டும் கூடவே வரும். உப்பளத்தில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் புரோமைடு செறிந்து விகிதம் தாழும். இறால் குளத்து நீர் கடல்நீரேயாதலால் விகிதத்தால் மட்டும் அதைக் கடலிலிருந்து பிரிக்க இயலாது. அங்கே ஆழம் கைகொடுக்கும். கடல் புகுந்தால் உப்பு கீழிருந்து மேலேறும், குளம் கசிந்தால் மேலிருந்து கீழிறங்கும். மேல் கிணறும் கீழ்க் கிணறும் தனித்தனியாக வேண்டும் என்று சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

பூமியின் மின்தடையை அளக்கும் ஆய்வு உவரின் எல்லையை விரைவாகக் காட்டும். ஆனால் அதைக் கொண்டு இரசாயன மாசின் பரப்பை வரைந்ததாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உப்பு நீர் மின்தடையை அத்தனை இறக்கிவிடுவதால் அதற்குள் வேறெதுவும் தெரியாது.

முறைகளை நிறுத்துப் பார்த்தல்

இவ்வளவும் கையில் இருந்தால் முறைகளில் பல தாமே விலகிக்கொள்ளும். நீரை இறைத்துச் சுத்தம் செய்து விடுவதே முதலில் எல்லோருக்கும் தோன்றும் முறை. நன்னீர் வில்லை நான்கு மீட்டர் தடிமனே உள்ள இடத்தில் அது எண்ணெயை எடுக்கும் முன் உவரைக் கொண்டுவந்துவிடும். மிதக்கும் எண்ணெயை மட்டும், நீர்மட்டத்தை இறக்காமல், மேலிருந்து வழித்தெடுக்கும் கருவிகளுக்கு இங்கே இடமுண்டு. அதை எப்போது ஓட்டுவது என்பதைப் பங்குனி மட்டத்தின் பதிவு சொல்லும்.

மண்ணின் ஆவியை உறிஞ்சும் முறைக்கு நீர்மட்டத்துக்கு மேல் போதிய உலர்மணல் வேண்டும். ஒரு மீட்டரே இருந்தால் உறிஞ்சும்போது நீரும் சேர்ந்து எழும்பும். மழைக்காலத்தில் அதுவும் மூழ்கிவிடும். டீசலின் பெரும்பகுதி எளிதில் ஆவியாகாதது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீருக்குள் காற்றைச் செலுத்தும் முறை சீரான மணலில் நன்கு பலிக்கும். இடையில் ஒரு களிப்பட்டை இருந்தால் காற்று பக்கவாட்டில் ஓடி, ஆவியை யாருடைய வீட்டுக்குக் கீழாவது கொண்டுசேர்க்கும். அந்தக் களிப்பட்டை இருக்கிறதா என்பதை மூன்றாம் படியின் துளைப்பதிவைத் தவிர வேறு எதுவும் சொல்லாது.

ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் கொண்டு மாசைச் சிதைக்கும் முறை அமிலச் சூழலைக் கேட்கிறது. சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்த மணலில் ஊற்றும் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். மாசைத் தாக்க வேண்டிய வினைபடுபொருளைக் குளோரைடும் பங்குபோட்டுக்கொள்ளும். வேண்டாத குளோரின் சேர்மங்களும் உருவாகலாம். எனவே அந்த மணலும் அந்த நீரும் கொண்டு ஆய்வகத்தில் சிறு சோதனை செய்து பார்க்காமல் இதைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது.

நுண்ணுயிர்களே மாசை உண்டு குறைக்குமாறு விட்டுக் கண்காணிப்பது சோம்பல் அன்று. பல இடங்களில் அதுவே சிறந்தது. ஆக்சிஜன் தீர்ந்தபின் அவை நைட்ரேட்டையும், இரும்பையும், பிறகு சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. கடல்நீரில் சல்பேட்டு லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் இருப்பதால் கரையோரத்தில் அந்த வேலை நடக்கப் போதிய சரக்கு உண்டு. அது உண்மையில் நடக்கிறதா என்பதை, மாசுள்ள கிணற்றில் சல்பேட்டு குறைந்தும் சல்பைடு உயர்ந்தும் இருப்பதும், மூன்று பருவங்களிலும் பென்சீன் குறைந்துவருவதும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த முறையின் பெயரைச் சொல்லி எதையும் செய்யாமல் இருப்பதை ஏற்கக் கூடாது. ஊற்றை மாசு அடைய இரண்டரை ஆண்டே இருக்கிறது என்று கணக்குச் சொன்னால், காத்திருக்கும் முறைக்கு அங்கே நேரமில்லை.

தோண்டி அகற்றுவது மூலத்துக்கு நேர் கீழே, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வைகாசி, ஆனி மாதங்களில், குறைந்த பரப்பில் செய்யத்தக்கது. அந்த மண் எங்கே போகும், யார் ஏற்றுக்கொள்வார், அதற்கான அனுமதி என்ன என்பது தெரியாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளக் கூடாது. ஓர் ஊரின் மாசை அடுத்த ஊரின் தரவையில் கொட்டுவது நடந்திருக்கிறது. இறால் குளத்தின் உப்புக்கோ இவற்றில் எதுவும் பொருந்தாது. குளத்தை வற்றவைத்து, கரையை உடைத்து, மழை கழுவிச் செல்லப் பல பருவங்கள் காத்திருப்பதைத் தவிர வேறு நடைமுறை வழி இல்லை என்பதை உரியவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையை ஒப்படைத்த பின் கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுவராதீர்கள். இனித் தேவையில்லாதவற்றை அடியிலிருந்து மேல்வரை சிமெண்டுக் குழம்பால் அடைத்துவிட வேண்டும். தேவையானவற்றுக்குப் பூட்டுள்ள மூடி போட்டு, எண்ணையும் விளிம்பின் உயரத்தையும் பெயிண்டில் எழுதுங்கள். ஒரு சாவியை ஊராட்சியிடமும், ஒரு கையடக்க மின்கடத்துத்திறன் மானியை ஊற்றுக்கு நாள்தோறும் வரும் ஒருவரிடமும் கொடுத்து, வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்துவைக்கக் கற்றுக்கொடுங்கள். சுத்திகரிப்பு தொடங்கிய பின் உவர் மேலேறினால் அதை முதலில் அறியப்போகிறவர் அவர்தான்.